பேசும் பதுமைகள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

விக்கிரமாதித்தன் கதையை அறியாத தமிழ்க் குழந்தைகள் மிகச் சிலரே. அவனுடைய சிம்மாசனத்தில் ஏறி அமர ஆசை கொண்டான் போஜராஜன். படியில் கால் வைத்த போதெல்லாம் அங்கிருந்த பதுமை வாய் திறந்து அவனை நிறுத்திற்று, கதை சொல்லிற்று. 32 படிகள், 32 பதுமைகள்! உயிரற்ற பொம்மை நம்மோடு பேச வேண்டும் என்னும் ஆசை மனித குலத்திற்கு எவ்வளவு பழையது என்பதை இக்கதை காட்டுகிறது அன்றோ? விஞ்ஞானம் வளர்ந்த இந்நாளில் அந்த ஆசை கணினித் திரையில் நிறைவேறி வருகிறது.

வேடமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளைச் சுருக்கமாக 'ஆர்.பி.ஜி.' என்பர். ஆடுபவர் போர்வீரனாகவோ, மந்திரக்காரியாகவோ, துப்பறிவாளராகவோ வேடம் ஏற்று ஒரு கற்பனை நாட்டில் உலவுகிறார். வழியில் எதிர்ப்படும் கடைக்காரர், காவலாளி, அரசி, பிச்சைக்காரர் ஆகியோருடன் பேசுகிறார். அந்தப் பேச்சு நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறுகிறது, நாளை எப்படி இருக்க வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

"பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இதுவா கவலை?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் வீடுகளில் பாட்டியோடு பேசும் நேரத்தைவிடத் திரையோடு கழியும் நேரம் மிகுந்துவிட்டது என்பதை யாராலும் மறுக்க முடியாது. இதுவரை திரை காட்டியது, நாம் பார்த்தோம். இனி அது பேசப்போகிறது. நாம் பதில் சொல்லப்போகிறோம். யாரோடு பேசிப் பழகுகிறோமோ அவர்களைப் போலவே நம் பேச்சும் அமையும் அல்லவா? ஆகவே இது விளையாட்டுக் காரியம் என்று ஒதுக்கத்தக்கதன்று.

நேற்றைய பேச்சு

கணினியைப் பேச வைத்தவர்களுள் முன்னோடி ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1966ஆம் ஆண்டு 'எலிசா' என்னும் நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதற்கு எந்த அறிவும் கிடையாது. நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் சில சொற்களைத் தேடிப் பிடித்து, அவற்றையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும், அவ்வளவுதான். "எனக்கு அம்மாமேல் வருத்தம்" என்றால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்னும் பாணியில் பதில் வரும். ஆனால் நடந்தது என்ன? அந்த நிரல் உருவானதை அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சற்றுப் பேசியபின், தனியே பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம்! திகைத்துப்போன வைசன்பாம் பின்னர் 1976இல் ஒரு நூலே எழுதி, கணினியிடம் ஒப்படைக்கக் கூடாத காரியங்கள் உண்டு என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்று அவர் காலத்தைவிட நமக்கே பொருந்துகிறது.

விளையாட்டுகளுக்கு வருவோம். 1985இல் ரிச்சர்டு கேரியட் படைத்த 'அல்டிமா 4' வெளிவந்தது. அதில் ஊராரிடம் 'பெயர்', 'தொழில்' போன்ற ஒற்றைச் சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதிலிருந்து அடுத்த சொல்லை நாமே கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். கொடிய அரக்கனைக் கொல்வது அதன் முடிவன்று. நேர்மை, இரக்கம், பணிவு முதலிய எட்டு நற்பண்புகளில் தேறுவதே வெற்றி. கண் பார்வையற்ற ஒரு மூலிகைக்காரியிடம் பொருள் வாங்கும்போது பணத்தை நாமே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது. ஆனால் நம் நேர்மை குறைந்துவிடும். 40 ஆண்டுகளுக்கு முன்பே, சில சொற்களைக் கொண்டு இவ்வளவு பெரிய பாடத்தை ஒரு விளையாட்டால் நடத்த முடிந்திருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1986இல், ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. அதில் வீரனால் மீட்கப்பட்ட இளவரசி அவனிடம் ஒரு கேள்வி கேட்பாள். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு விடைகள் உண்டு. 'இல்லை' என்று சொன்னால்? அதே கேள்வி மீண்டும் வரும். மறுபடி 'இல்லை' என்றால் மறுபடியும் அதே கேள்வி. 'ஆம்' என்னும் வரை விடுதலை இல்லை! இது வேடிக்கையாகப் பல ஆண்டுகள் பேசப்பட்டது. நமக்கோ இதில் ஒரு சிந்தனையும் பிறக்கிறது. இரண்டு விடைகளை நீட்டிவிட்டு ஒன்றை மட்டுமே ஏற்பது உரையாடல் ஆகுமா? "உனக்கு எந்தப் பாடப்பிரிவு வேண்டும், சொல்லம்மா" என்று கேட்டுவிட்டு, முன்பே முடிவு செய்து வைத்திருக்கும் பெரியவர்களைப் பதினைந்து வயதுப் பெண்கள் நன்கு அறிவோம்!

இன்றைய பேச்சு

பின் வந்த படைப்பாளர்கள் நாம் சொல்லத்தக்க வாக்கியங்களைப் பட்டியலாக எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். இம்முறையில் அரிய செயல்கள் நிகழ்ந்தன. 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' விளையாட்டில், மனித இனத்தையே உருமாற்றி ஆளத் துடிக்கும் பகைவனோடு போர் செய்யாமலே வெல்லலாம். அவன் உருவாக்கிய இனத்திற்குச் சந்ததி உண்டாகாது என்னும் உண்மையைச் சான்றோடு எடுத்துரைத்தால், அவனே தன் திட்டம் வீண் என்பதை உணர்ந்து வீழ்கிறான். வாள் செய்ய வேண்டியதைச் சொல் செய்து முடிக்கிறது. எஸ்டோனிய நாட்டுப் படைப்பாளர்கள் 2019இல் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்' பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களால் ஆனது. அதில் தனியாகச் சண்டை என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் பேச்சுத்தான். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டுக்கு 200க்கும் மேற்பட்ட நடிகர்கள் பணியாற்றினார்கள். (இவற்றுள் சில வயது வந்தோருக்கு உரியவை. நாம் அவற்றை ஆடவில்லை; அவற்றைப் பற்றிப் படித்தே எழுதுகிறோம் என்பதை அருட்சகோதரியர் அறிவார்களாக!)

குறைகளும் இல்லாமல் இல்லை. 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' முழு வாக்கியத்தைக் காட்டாமல் சுருக்கத்தை மட்டும் சக்கரம் போல் அடுக்கிக் காட்டிற்று. பணிவாகப் பேச எண்ணி ஒன்றைத் தொட்டால், கதாநாயகர் சினத்தோடு வேறு எதையோ பேசுவதும் உண்டு. எந்தப் பட்டியலாயினும், நம் மனத்தில் எழும் கேள்வி அதில் இல்லாமற் போகலாம். அழுதுகொண்டிருக்கும் பாட்டியிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கத் தோன்றும். பட்டியலிலோ "புதையல் எங்கே?" என்பதும் "போய் வருகிறேன்" என்பதும் மட்டுமே இருக்கும்.

நாளைய பேச்சு

இந்தக் குறைக்கு மருந்தாகத்தான் செயற்கை நுண்ணறிவை இன்று கொண்டு வருகிறார்கள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கச் செய்து, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரத்தக்கது என்று கணிக்கப் பழக்கிய மொழி மாதிரிகள் அவை. 2023 மே மாதம் என்விடியா நிறுவனம் ஒரு காட்சியைக் காட்டிற்று. நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவரோடு ஆடுபவர் வாய்விட்டுப் பேச, அவரும் அப்போதைக்கப்போது பதில் உண்டாக்கிப் பேசினார். 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனமும் இவ்வகைப் பாத்திரங்களைக் காட்டிற்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 25 பாத்திரங்களைக் கொண்ட ஒரு சிற்றூரையே கணினியில் அமைத்தார்கள். ஒருத்தி விருந்து வைக்க விரும்புகிறாள் என்று மட்டும் தொடக்கத்தில் சொல்லப்பட்டது. செய்தி வாய்வழியாய்ப் பரவி, அழைப்புப் பெற்றவர்களில் சிலர் குறித்த நேரத்தில் வந்தும் சேர்ந்தார்கள்!

இதைக் கேட்டு வியக்காதவர் யார்? நாமும் வியக்கிறோம். வகுப்பில் எழுந்து பேசக் கூசும் பெண்ணுக்கு, எத்தனை முறை தடுமாறினாலும் சலிக்காத ஒரு பாத்திரம் நல்ல பயிற்சி தரும். படிக்க இயலாத சிறு குழந்தையும் வாயால் கேட்டு ஆடலாம். இந்நன்மைகளை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பாத்திரங்களின் நாவை முழுவதும் இயந்திரத்திடம் கொடுத்துவிடுவதை நாம் ஏற்கவில்லை. காரணங்கள் நான்கு.

முதலாவது, சொல்லுக்குப் பின்னால் செயல் வேண்டும். இயந்திரத்தால் பேசும் கடைக்காரர், "மலைக்கு அப்பால் ஒரு குகை இருக்கிறது, அங்கே என் தம்பி சிறைப்பட்டிருக்கிறான்" என்று அழகாகச் சொல்லிவிடுவார். மலையின் மறுபக்கம் குகையும் இராது, தம்பியும் இரான். வரத்தக்க சொல்லைக் கணிக்கும் கருவிக்கு உண்மையும் கற்பனையும் ஒன்றே. 'அல்டிமா' மூலிகைக்காரியிடம் நாம் செய்த வஞ்சனைக்கு விளைவு இருந்தது. 'ஃபால்அவுட்' பகைவனிடம் சொன்ன சொல்லுக்கு விளைவு இருந்தது. விளைவில்லாத சொல் ஆயிரம் இருந்து என்ன பயன்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர்.

இரண்டாவது, மறுக்கத் தெரிய வேண்டும். போஜராஜன் கதைக்கு உயிர் எங்கே இருக்கிறது? பதுமைகள் அவனைத் தடுத்ததில் இருக்கிறது. "வாருங்கள் அரசே, அமருங்கள் அரசே" என்று 32 பதுமைகளும் பாடியிருந்தால் கதையே இல்லை. அவன் தன்னை அளந்து பார்க்கவும் வாய்ப்பில்லை. இவ்வகை இயந்திரங்களோ பெரும்பாலும் நம்மை மகிழ்விக்கவே பழக்கப்பட்டவை. நாம் வற்புறுத்தினால் இணங்கும். நாம் தவறாகச் சொன்னாலும் தலையசைக்கும். நம் 'இல்லை'யை ஏற்காத இளவரசியின் விளையாட்டு எவ்வளவு குறையுடையதோ, தன் வாயால் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத பாத்திரமும் அவ்வளவு குறையுடையதே. இரண்டிலும் ஒருவர் பேசுவதற்கு மதிப்பில்லை. 'மாட்டேன்' என்று சொல்லவும், பிறர் சொன்னால் பொறுத்துக்கொள்ளவும் நம் வயதில் கற்காவிட்டால் வேறு எப்போது கற்போம்?

மூன்றாவது, இளம் உள்ளங்களின் நலம். விளையாட்டை விட்டு வெளியே, பாத்திரங்களோடு உரையாடும் செயலிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றான கேரக்டர் ஏ.ஐ. நிறுவனம், 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டோர் அப்பாத்திரங்களோடு வரம்பின்றி உரையாடுவதை நிறுத்திவிட்டது. இளைஞர் நலனைக் குறித்துப் பெற்றோர் தொடுத்த வழக்குகளும் எழுந்த கவலைகளும் அதற்கு முன்னிருந்தன. அன்று ஒரு செயலாளர் அறைக்கதவைச் சாத்தச் சொன்னார். இன்று எத்தனையோ பிள்ளைகள் போர்வைக்குள் அதே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தோழியோடு சண்டையிட்டால் மறுநாள் சமாதானம் செய்ய வேண்டும். இயந்திரத்தோடு சண்டை வராது. வராத சண்டையில் சமாதானம் செய்யக் கற்பது எப்படி?

நான்காவது, உழைப்பவர் கூலி. விளையாட்டுகளுக்குக் குரல் கொடுக்கும் அமெரிக்க நடிகர்கள் 2024 ஜூலை 26 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தம் குரலையும் உருவத்தையும் இயந்திரம் பிரதி எடுப்பதற்குத் தம் சம்மதம் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கிய கோரிக்கை. ஏறத்தாழ 11 மாதங்கள் போராடி, 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். அதற்குச் சற்று முன், 2025 மே மாதம், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் டார்த் வேடர் என்னும் பாத்திரம், 2024இல் மறைந்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்சின் குரலில் செயற்கை நுண்ணறிவால் பேசிற்று. குடும்பத்தார் சம்மதம் இருந்தது உண்மை. ஆனால் ஆடியவர்கள் சிலர் அந்தப் பாத்திரத்தைத் தூண்டி, தகாத சொற்களைப் பேச வைத்துவிட்டார்கள். நிறுவனம் விரைந்து திருத்தியது. மறைந்த ஒரு கலைஞரின் குரலில், அவர் சொல்லாத சொற்களை யாரோ சொல்ல வைப்பதை நினைத்தால் நமக்கு மனம் கூசுகிறது.

செவி தாருங்கள்!

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது அழகன்று. நம் கருத்து யாதெனில், இயந்திரத்திற்குச் செவியைக் கொடுங்கள். நாவை எழுத்தாளர்களிடமே விட்டுவிடுங்கள் என்பதாகும்.

இதை விளக்குவோம். ஒரு மூதாட்டிப் பாத்திரத்திற்கு எழுத்தாளர் 300 பதில்கள் எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். அவளுடைய மகனைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பழைய போரைப் பற்றி, அவள் சாப்பிட்டாளா என்பதைப் பற்றியும்கூட. நாம் நமக்குத் தோன்றிய சொற்களில் கேட்கிறோம். மொழி மாதிரியின் வேலை, கேள்வியின் கருத்தைப் புரிந்துகொண்டு, 300இல் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. பொருத்தமானது இல்லையெனில், "அது எனக்குத் தெரியாதம்மா" என்று அந்த மூதாட்டி தன் குரலிலேயே சொல்லட்டும். இல்லாத குகை இதில் தோன்றாது. எழுத்தாளர் அறிந்து எழுதிய சொல்லாதலால் அதற்கேற்ற விளைவை அவர் முன்கூட்டியே அமைக்கலாம். மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பாள். எழுத்தாளருக்கும் நடிகருக்கும் கூலி உண்டு; பிள்ளைகள் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதையும் முன்னரே படித்துப் பார்த்து அனுமதிக்கலாம்.

"அப்படியானால் பதில்கள் விரைவில் தீர்ந்துபோகுமே?" என்று கேட்கலாம். தீரட்டும். நல்ல கதைக்கு முடிவு உண்டு. நல்ல விருந்தாளி புறப்பட வேண்டிய நேரம் அறிவார். முடிவே இல்லாத பேச்சுத்தான் பிள்ளைகளைத் திரையிலேயே கட்டிப்போடும். திருவள்ளுவரும் 'கேள்வி'யை 42ஆம் அதிகாரமாக வைத்தபின்பே, 'சொல்வன்மை'யை 65ஆம் அதிகாரமாக வைத்தார். கேட்டலுக்கும் வினாவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம் மொழி. கேட்கத் தெரிந்தபின் பேசுவதே முறை என்பது இயந்திரத்திற்கும் பொருந்தும்.

தமிழுக்கும் இதனால் ஒரு நன்மை விளையும் என்று நம்புகிறோம். மேலே பெயர் சொன்ன விளையாட்டுகளுள் எதிலும் நாம் தமிழில் பேச இயலாது. "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுதும் நாம், "வந்துக்கிட்டிருக்கான்" என்றும் "வந்திட்டிருக்கான்" என்றும் ஊருக்கு ஊர் மாற்றிப் பேசுகிறோம். ஒற்றைச் சொல்லைத் தேடும் பழைய கருவிக்கு இது புரியாது. நல்ல செவிக்குப் புரியும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அரசிக்கும் தோழிக்கும் ஒரே சொல். தமிழிலோ 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்று முதல் வாக்கியத்திலேயே நம் மனம் வெளிப்பட்டுவிடும். பிச்சைக்காரரை 'நீங்கள்' என்று அழைத்தவளுக்கு அவர் ஓர் இரகசியம் சொல்லலாம். 'நீ' என்று அதட்டியவளுக்கு வாய் திறவாமல் போகலாம். இப்படி ஒரு விளையாட்டைத் தமிழறிந்தவர் அன்றி வேறு யார் எழுத முடியும்? நம் தோழியருள் கணினி படிக்கப் போகிறவர்களும் உண்டு, தமிழ் படிக்கப் போகிறவர்களும் உண்டு. இவ்விருவரும் ஒரே மேசையில் அமர வேண்டிய காலம் வருகிறது. "தமிழ் படித்து என்ன செய்வாய்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதையும் ஒரு பதிலாகச் சொல்லலாம்.

முடிவாக, சில வேண்டுகோள்கள். விளையாட்டுப் படைப்பாளர்களே, நாங்கள் பேசுவது மனிதர் எழுதிய சொல்லோடா, இயந்திரம் அப்போது உண்டாக்கிய சொல்லோடா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோர்களே, எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று மட்டும் கேளாமல், யாரோடு பேசினாய், என்ன பேசினாய் என்றும் கேளுங்கள். கேட்டபின் எங்கள் பதிலைக் கடைசிவரை கேளுங்கள். பட்டியலில் இல்லாத கேள்வி எங்களிடம் நிறைய இருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுக்கும் கணினியில் எங்களுக்கும் ஒரு முறை கொடுங்கள். ஆடத் தெரியாதவர்களால் ஆக்கவும் முடியாது. அருட்சகோதரியரே, கணினி ஆய்வகத்தில் ஒரு சிறு உரையாடல் விளையாட்டை நாங்களே எழுதிப் பார்க்க ஒரு பாடவேளை அருளுங்கள்.

அன்புத் தோழியரே! இயந்திரம் என்ன பேசினாலும், 'மாட்டேன்' என்று சொல்லவும் 'மன்னித்துக்கொள்' என்று கேட்கவும் நாம் ஒருவரிடம் ஒருவர்தான் கற்றாக வேண்டும். நாளைய விளையாட்டுகளில் நல்ல பாத்திரங்கள் நல்ல சொற்களைப் பேச வேண்டுமானால், அவற்றை எழுதும் கைகளுள் நம் கைகளும் இருக்க வேண்டும். இன்றே எழுதப் பழகுவோம். அதற்கு முன், கேட்கப் பழகுவோம்!